அட்டெண்டர் பாஸில் வந்த நோயாளி

முதலில் காய்ச்சல் வந்தது எனக்கு அல்ல. ஒரு சனிக்கிழமை மாலை என் மனைவி பிலோமினாவுக்கு வந்தது. அவள் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மீன் குழம்பை இறக்கி வைத்தாள். அதனால் அது யாருக்கும் நினைவில்லை.

எனக்கு மறுநாள் வந்தது. அது ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நினைவிருக்கும். ஞாயிறு மாலைப் பூசையில் நற்கருணை வாங்கப் போகிற வரிசையில் கால் நடுங்கியது. முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் பிடித்தேன் என்று பிலோமினா பிறகு சொன்னாள். பொய் இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீர் போகிற குழாய்களில் ஒப்பந்த ஃபிட்டராக வேலை. குழாயும் குழாயும் சேர்கிற இடத்தில் கேஸ்கட் (கசிவை அடைக்கும் வளையம்) வைத்து போல்ட்டை இறுக்குவது, ஒழுகினால் கழற்றி மறுபடி இறுக்குவது. முப்பது வருடமாக இதுதான். கசிவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். வேலையிடத்தில் எனக்குப் பெயரே ‘காமெடி சேவியர்’.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இப்போது ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை டோல்கேட் பக்கம் ஒரு கிளினிக்கில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் டெங்கு. எனக்குப் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எழுபதாயிரம். அவளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்தக் காகிதத்தைப் பார்த்த நொடியே எங்கள் வீட்டில் யார் நோயாளி என்பது முடிவாகிவிட்டது.

கிளினிக் டாக்டர் வயதானவர். பதற்றமே இல்லாமல் சொன்னார். நிறைய தண்ணீர் குடியுங்கள், கஞ்சி குடியுங்கள், வலி மாத்திரை கண்டதையும் போடாதீர்கள். கடைசியாக ஒன்று சொன்னார். “காய்ச்சல் விட்ட அன்னைக்கு ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். அன்னைக்குத்தான் நான் பார்க்கணும்.”

அது என் காதில் தெளிவாக விழுந்தது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், காய்ச்சல் போன பிறகு டாக்டரைப் பார்ப்பது பஸ் போன பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி என்றேன். ஆட்டோக்காரர் சிரித்தார். அவருக்கு முன்பே பிலோமினா சிரித்தாள். அன்று மாலைக்குள் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஆனால் எழுபதாயிரம் என்கிற எண் எனக்குச் சிரிப்பாக இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் வாயைப் பிளந்து ஈறைப் படம் எடுத்துப் பார்த்தேன், ரத்தம் வருகிறதா என்று. பல் தேய்ப்பதை நிறுத்தினேன். கசிவு என்றால் சிவப்பாக வெளியே தெரியும் என்பதுதான் என் அறிவு. சாயங்காலம் டோல்கேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்றேன். அங்கிருந்த பணி மருத்துவர் இளம் பெண். உங்களை இப்போது சேர்க்க வேண்டிய அவசியமில்லை, வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். சேர்க்காவிட்டால் வாசலிலேயே படுப்பேன் என்று சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். யாரும் என்னை இழுத்துப் போகவில்லை. என்னை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர் பாஸ். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவருக்கு. எங்கள் மகள் ஜெனிபர் துறைமுகப் பக்கம் ஒரு கன்டெய்னர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் இருக்கிறேன் என்றாள். ஆம்பளைகள் வார்டில் வயசுப்பெண் தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது என்று பிலோமினா மறுத்துவிட்டாள். பாஸில் பிலோமினாவின் பெயரையே எழுதினார்கள். அந்த நேரம் அவளுக்குக் காய்ச்சல் நூற்றியொன்று இருந்திருக்கும். அட்டெண்டரின் சூட்டை யாரும் பார்ப்பதில்லை.

அங்கே ஒரு சார்ட் கொடுத்தார்கள். நோயாளி எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதை அட்டெண்டர் அளந்து எழுத வேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவை ஒன்றும் தந்தார்கள். பிலோமினா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதியவள். எண்களை முத்து முத்தாக எழுதுவாள். சிஸ்டர்கள் அவளைப் பாராட்டினார்கள். வார்டிலேயே உங்கள் சார்ட்தான் சரியாக இருக்கிறது என்றார்கள். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருமையாகக் குடுவையை நீட்டினேன்.

புதன்கிழமை முழுக்க நான் செத்துக்கொண்டிருந்தேன். என் அடக்கத்துக்கு எந்தப் பாட்டைப் பாட வேண்டும், எந்தச் சட்டையைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பிலோமினா சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பாதியில் தலையை நிமிர்த்தி, “பொட்டிக்கு இன்னா கலரு?” என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் டிரிப்ஸ் கையோடு குலுங்கிச் சிரித்தார். நான் மெரூன் என்றேன். அவள் அதையும் எழுதினாள். உனக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், அவளுக்குத்தான் லட்சத்துக்கு மேல் இருக்கிறதே.

அன்று மாலை அவளுக்குக் காய்ச்சல் விட்டது.

“எனக்கு வுட்டுச்சுய்யா” என்றாள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தபடி.

உனக்கு எல்லாம் சீக்கிரம் விட்டுவிடும், எனக்குத்தான் ஒட்டிக்கொள்ளும் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஒருநாள் முன்னால் ஆரம்பித்தவளுக்கு ஒருநாள் முன்னால் விடுகிறது என்கிற கணக்குகூட எனக்குத் தோன்றவில்லை. கிளினிக் டாக்டர் சொன்னது இருவருக்குமே நினைவு வந்தது. நான்தான் அந்த பஸ் டிக்கெட் ஜோக்கைப் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை எனக்குச் சூடு நூற்றிமூன்று. அவள் என் நெற்றியில் கையை வைத்தாள். அந்தக் கை அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. அதுதான் அந்த வாரத்தில் என் உடம்புக்குக் கிடைத்த ஒரே சுகம். எடுக்காதே, ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி இருக்கிறது என்று பிடித்து வைத்துக்கொண்டேன். அவள் குனிந்தபடியே கால் மணி நேரம் நின்றாள். அவளுக்கு வயிறு வலித்துக்கொண்டிருந்தது. கான்டீன் பொங்கல் சரியில்லை என்றாள். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு என் பத்து மணி அளவை எழுதினாள்.

சிஸ்டர் வந்து எனக்கு பி.பி. பார்த்தார். துணியை என் கையில் சுற்றுவதற்கு வசதியாகப் பிலோமினா நகர்ந்து நின்றாள்.

பிறகு குடுவையைப் பார்த்துச் சொன்னாள். “நீ இன்னாய்யா, தண்ணி லாரி கணக்கா போய்க்கினு கீற. எனக்குக் காத்தாலேர்ந்து ஒண்ணுக்கே வரல.”

நான் சொன்னேன், “உன் பங்கையும் சேத்து நான்தான் போய்க்கினு கீறேன். சார்ட்டுல எழுதிக்கோ.”

அவள் சிரித்தாள். இதை எழுதிவிட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். இந்த இடத்தில் நீங்களும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம்.

பகல் ஒரு மணிக்கு என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிளேட்லெட் முப்பத்தோராயிரம். நான் ஊரைக் கூட்டினேன். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் என் தோஸ்து, முப்பது வருடப் பழக்கம். போனை வைத்த ஒரு மணி நேரத்தில் ஆறு பேரோடு வந்து நின்றான். கடைப் பையன்கள், மச்சான், மசூதிப் பழக்கக்காரர் ஒருவர். எல்லாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு ரத்தம் கொடுக்கத் தயார். ஒருவர் கையில் பப்பாளி இலைச் சாறு இருந்தது. ஜெனியும் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். என் கட்டிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்.

“மாமு, ஒண்ணியும் பயப்படாத. ஆறு யூனிட் நின்னுகினு கீது” என்றான் காதர்.

அத்தனை பேருக்கும் இடம் வேண்டும் என்று பிலோமினா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் அவள் எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அந்த இளம் டாக்டர் கோபமாக வந்தார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். கூட்டம் விலகியது. சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து நின்றார்.

“இவங்க யாரு?”

“என் அட்டெண்டர், டாக்டர்” என்றேன்.

மனைவி என்று சொல்லவில்லை. அந்த வார்டில் அவள் பெயர் அதுதான் என்று எனக்கே பழகிவிட்டது.

டாக்டர் குனிந்து அவள் விரல் நகத்தை அழுத்தி, பிடியை விட்டார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. ரத்தம் திரும்ப வர நேரம் பிடித்தது. என் கட்டிலில் கிடந்த பி.பி. கருவியைப் பிடுங்கி அவள் கையில் சுற்றினார். தொண்ணூற்றெட்டுக்கு எண்பத்தாறு. பரவாயில்லையே என்று நான் வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமலே சொன்னார், “மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் ஒட்டிக்கிச்சு. அது ஷாக்.”

(நாம் பேச்சில் சொல்லும் அதிர்ச்சி அல்ல இது. ரத்த ஓட்டத்தில் போதிய நீர் இல்லாமல் உறுப்புகளுக்கு ரத்தம் எட்டாமல் போவது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வருவது அதன் அடையாளம். இதயம் கடைசிவரை சமாளித்துக்கொண்டிருப்பதால் ஆள் நினைவோடு, நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.)

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அவள், நடந்தே வருகிறேன் என்று சொன்னாள்.

ஐ.சி.யூ. வாசலில் காதர் டாக்டரை வழிமறித்தான். ஆறு பேர் ரத்தம் தயாராக இருக்கிறது, அண்ணிக்கு ஏற்றுங்கள் என்றான். அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். குறைந்தது ரத்தம் அல்ல. ரத்தத்தில் உள்ள நீர் குழாயை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்ந்திருக்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிவிட்டது. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஐம்பத்துநாலு. நாங்கள் ஊற்றுவதும் ஒழுகும். குறைவாக ஊற்றினால் கிட்னி தாங்காது, அதிகமாக ஊற்றினால் நுரையீரல் தாங்காது.

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஜெனி தள்ளிக்கொண்டு வந்தாள். இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நான் கேட்ட ஒரே கேள்வி, “ரத்தம் எங்கயும் வரலையே டாக்டர்?”

மாலை ஆறு மணிக்கு உள்ளே பார்க்க விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன். மூச்சு மேலே மேலே வாங்கியது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தனை நாளும் நடித்த அழுகையெல்லாம் எங்கோ போய், இது வேறாக வந்தது.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “யோவ், நீ இன்னாத்துக்கு அழுவுற. உனக்குத்தானே கம்மி. எனக்கு லட்சத்துக்கு மேல கீது.”

செவ்வாய்க்கிழமைக் கணக்கு அது. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் பார்க்கவில்லை. அதை நம்பித்தான் அவள் தைரியமாக இருந்தாள். நானும் அவளுக்கு அதையே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆமாம் பிலோ, உனக்கு லட்சத்துக்கு மேலே என்றேன். அவள் ஜெனியிடம் திரும்பி, அப்பாவின் நாலு மணி அளவை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், போய் எழுது என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதை நான் கேட்கவில்லை. இரவில் குழாய் போட்டு மெஷினில் மூச்சு கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் வார்டு சிஸ்டர் சிரித்த முகத்தோடு வந்தார். சார், உங்கள் கவுன்ட் ஏறிவிட்டது, நாற்பத்தெட்டாயிரம், இனிமேல் ஏறிக்கொண்டே போகும் என்றார். பக்கத்துக் கட்டில் பெரியவர் கை தட்டினார். சிஸ்டருக்குக் கீழ்த்தளத்து ஐ.சி.யூ. செய்தி தெரியாது. அவர் பின்னால் வாசலில் காதர் நின்றிருந்தான். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மாலை அடக்கம். எந்தப் பாட்டு என்று பாடகர் குழுவிலிருந்து கேட்டார்கள். எந்தப் புடவை என்று என் தங்கை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என்னுடையது எல்லாம் சார்ட்டின் பின்பக்கம் இருந்தது. அவளுடையது எங்கும் இல்லை.

அங்கே இன்னொன்று நடந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குழியருகே சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் அரிக்க ஆரம்பித்தன. சாதாரண அரிப்பு இல்லை. நெருப்பு எறும்பு ஏறியது போல. பெட்டி கீழே இறங்குகிறது, நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பிடி மண் போட வேண்டும். அந்த மண்ணை இரண்டு கையாலும் தேய்த்தேன். அதன் சொரசொரப்பு சுகமாக இருந்தது. துக்கம் தாங்காமல் கையைப் பிசைகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். சித்தி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையிலும் தேய்த்தேன்.

நான்கு மாதம் கழித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். யாரோடு என்று முடிவு செய்யவில்லை. அந்த இளம் டாக்டர் மதிய இடைவேளையில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். எனக்கு வாயில் சண்டை வரவில்லை. தொழில்காரன் கேள்விதான் வந்தது. “ஓட்டை எங்க இருந்துச்சு டாக்டர்?”

“ஓட்டையே இல்ல சார்” என்றார்.

மருந்துச் சீட்டைத் திருப்பிப் படம் போட்டார். ரத்தக் குழாயின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். தரையில் ஓடு பதித்தது போல செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பூசிய சிமெண்ட் கிடையாது. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை என்று அவர் சொன்னது ஒரு புரதம். ஒரு செல்லிலிருந்து நீண்டு, எதிர்ச் செல்லிலிருந்து நீளும் அதே வகைப் புரதத்தோடு கோத்துக்கொள்ளும். (இந்த இடத்துக்குச் செல் இணைப்பு என்று பெயர்.) செல்லுக்கு உள்ளே அந்தக் கை நூல்களில் கட்டப்பட்டிருக்கிறது. நூல் இழுபட்டால் பிடி நழுவும். சில சமயம் செல் தன் கையையே உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அப்போது நடுவில் இடைவெளி விழுகிறது. நீரும் சிறிய புரதங்களும் அதன் வழியே போகும். சிவப்பணு பெரியது, போகாது. அதனால் வெளியே சிவப்பாக எதுவும் தெரியாது.

அப்படியானால் கேஸ்கட் கெட்டுப்போன மாதிரி என்றேன்.

“உங்க கேஸ்கட் சும்மா கிடக்கும் சார். இது சும்மா இருக்காது. தேவைப்பட்டா திறக்கும், வேலை முடிஞ்சா மூடும். அது திறக்கலன்னா காலில் குத்தின முள்ளுக்குக்கூட வெள்ளையணு போய்ச் சேராது.”

ஒழுகாத குழாய்தான் நல்ல குழாய் என்று முப்பது வருடம் வாழ்ந்தவனுக்கு இது புதிது. திறப்பது நோய் அல்ல. எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்கிற கட்டுப்பாடு போவதுதான் நோய். டெங்குக் கிருமி வெளிவிடுகிற ஒரு புரதம் குழாயின் உள்பூச்சை அரிக்கிறது. கிருமியோடு சண்டை போட நம் உடம்பே எழுப்புகிற கூச்சல் மீதிக் கைகளையும் நழுவ விடுகிறது. ஒரு விரலில் வர வேண்டிய வீக்கம் உடம்பெங்கும் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி, அப்படி. கூச்சலால் கெட்டது என்று அவர் சொன்னபோது கட்டிலில் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டிய ஒருவன் எனக்கு ஞாபகம் வந்தான்.

இறுக்குவதற்கு மருந்து என்ன என்று கேட்டேன்.

“கிடையாது சார். ஒரு நாள், ரெண்டு நாள்ல அதுவாவே மறுபடி கையைப் பிடிச்சுக்கும். செல்லுக்குப் பெருசா எந்தக் காயமும் இருக்காது. அதுவரைக்கும் ஆளை நாங்க தாக்குப் பிடிக்க வைக்கணும். எங்க வேலை அவ்வளவுதான்.”

பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டேன். “அவளுக்கு மூடிக்கிச்சா டாக்டர்?”

அவர் பேனாவை மூடினார். வெள்ளிக்கிழமை காலையில் ஹீமட்டோக்ரிட் இறங்க ஆரம்பித்தது என்றார். மூட ஆரம்பித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குள் கிட்னியும் ஈரலும் ரொம்ப நேரம் ரத்தம் கிடைக்காமல் இருந்துவிட்டன.

எப்போது வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றேன்.

“வியாழக்கிழமை காலையில.”

அன்றைக்குக் காலையில் நாங்கள் எங்கே இருந்தோம்? இதே கட்டடத்தில், இரண்டாவது மாடியில். சிஸ்டரின் கையில் பி.பி. கருவி இருந்தது. அதற்கும் அவள் கைக்கும் இரண்டு அடி தூரம். அவள் நகர்ந்து நின்றாள்.

டாக்டரின் கண்ணைப் பார்த்தேன். இதே கணக்கை அவரும் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. சண்டை போட வந்தவன் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். போகும்போது அந்த அரிப்பைப் பற்றிக் கேட்டேன், எங்கே நின்றபோது அரித்தது என்பதைச் சொல்லாமல். அவர் முகம் கொஞ்சம் லேசானது. அது நல்ல அறிகுறி சார், கசிவுக் கட்டம் தாண்டி உடம்பு தேறும்போது பலருக்கு அப்படி அரிக்கும் என்றார். அப்படியானால் அந்தச் சனிக்கிழமை மாலை, அந்தக் குழியருகே, என் உடம்பு பிழைத்துவிட்டதைக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து என் உடம்பை என்னுடையது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அது தன்பாட்டுக்கு இருக்கிற ஒன்று. உள்ளே எத்தனையோ கோடிக் கைகள் பிடிக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. நான் சிரித்தாலும் அழுதாலும் அவற்றுக்குத் தெரியாது. வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றினால் கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம் இருக்கும். முன்பு அதைக் கவனித்ததே இல்லை. இப்போது அது மறையும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே போன நீர் தினமும் இப்படித்தான் திரும்பி வருகிறது, சத்தமே இல்லாமல்.

நேரமும் மாறிவிட்டது. மற்றவர்கள் காய்ச்சல் வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நான் விட்ட நேரத்திலிருந்து எண்ணுகிறேன். விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் எனக்கு நாள். மீதியெல்லாம் காலண்டர்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலித்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், கைகால் சில்லிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும், ஆள் சோர்ந்து உட்கார்ந்தாலும் அந்த நிமிடமே ஓடுங்கள். பிளேட்லெட் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகாதீர்கள். நீங்கள் நோயாளியாக இருந்தால் பக்கத்தில் உங்கள் சார்ட்டை எழுதிக்கொண்டிருப்பவரிடம் ஒருமுறை கேளுங்கள், உனக்கு எப்படி இருக்கிறது என்று. ஜோக் அடிப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

இந்த மழைக்காலத்தில் ஜெனிக்குக் காய்ச்சல் வந்தது. பயப்பட வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டெங்குவும் இல்லை. ஆனால் அந்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே நான்காம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அவள் குளித்துத் தலை வாரி, அலுவலகத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலை மறித்து நின்று, ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சீட்டு வாங்க நல்ல கூட்டம். கைக்குழந்தையோடு பெண்கள், கட்டுப் போட்ட கால்கள், இருமல். எங்கள் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், “இன்னா கம்ப்ளைன்ட்டு?” என்றாள்.

“காய்ச்சல் வுட்டுச்சும்மா.”

அவள் நிமிர்ந்தாள். “வுட்டுச்சா? அப்புறம் இன்னாத்துக்குப்பா வந்துகினு கீற?”

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. எனக்குப் பழக்கமான சத்தம்தான். முப்பது வருடமாக நானே கேட்டு வாங்கிக்கொண்டது. ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, மானம் போவுது, வா போலாம்” என்றாள்.

நான் போகவில்லை. கவுன்ட்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுதும்மா, அதுதான் கம்ப்ளைன்ட் என்றேன்.